ஹாங்காங்கில் மூன்றரை மணி

வெளிநாடு செல்லும் மாணவர்களுள் பலர் நேர் விமானத்தில் செல்வதில்லை. காரணம் சொல்ல வேண்டியதில்லை. நம் பணப்பை அறியும். வழியில் ஏதேனும் ஒரு பெருநகரில் இறங்கி, ஆறு மணியோ எட்டு மணியோ காத்திருந்து வேறு விமானம் ஏறினால் கட்டணம் கணிசமாகக் குறைகிறது. காத்திருக்கும் அந்நேரம் முழுவதையும் கண்ணாடிச் சுவருக்குள் ஒரு நாற்காலியில் சாய்ந்தபடி கழித்துவிட்டு, ஊர் திரும்பியதும் "ஹாங்காங் பார்த்தேன்" என்று சொல்வோரும் நம்மிடையே உண்டு. வேறு சிலர் வெளியே ஓடி, பத்து இடங்களின் பெயர்களைத் தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றின் முன்னும் நின்று படம் எடுத்துக்கொண்டு, மூச்சிரைக்கத் திரும்புகின்றனர். முன்னவர் நகரைக் காணவில்லை. பின்னவர் கண்டதாகச் சொல்வதிலும் எனக்கு ஐயம் உண்டு.

சென்ற அக்டோபரில் ஜப்பான் நாட்டு ஒசாகா நகரில் ஓர் ஆய்வு மாநாட்டுக்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. மும்பையில் நள்ளிரவு கடந்து புறப்பட்ட விமானம் காலை 8-30க்கு ஹாங்காங்கில் இறக்கிவிட்டது. ஒசாகா விமானம் மாலை 4-40க்கு. இடையே எட்டு மணி பத்து நிமிடம். அவ்வளவு நேரத்தில் ஒரு நகரை என்ன செய்ய முடியும் என்பதை, இனிச் செல்லவிருக்கும் நண்பர்களுக்குப் பயன்படுமாறு இங்கே எழுதுகிறேன். நான் செய்த ஒரு பிழையையும் மறைக்கப் போவதில்லை.

முதலில் கணக்கு. எட்டு மணி என்பது எட்டு மணி அன்று. விமானத்திலிருந்து இறங்கி, குடிநுழைவு வரிசையில் நின்று, வெளியே வர ஒரு மணி நேரம் போய்விடும். நகருக்குச் செல்லும் விரைவு ரயில் 24 நிமிடத்தில் கொண்டு சேர்க்கும். ரயிலுக்காகக் காத்திருப்பதையும் நடப்பதையும் சேர்த்துப் போக அரை மணி, வர அரை மணி. திரும்பி வந்து சோதனை முடித்து விமானத்தின் வாயிலுக்குச் செல்ல இரண்டரை மணி ஒதுக்குவது நலம். இரண்டு மணி போதும் என்பார் சிலர். அவர் பேச்சைக் கேளாதீர்கள். அந்த அரை மணிதான் என்னைக் காத்தது என்பதைப் பின்னர்க் காண்பீர்கள். எதிர்பாராத தடங்கலுக்குச் சில நிமிடங்களையும் கழித்தால் மிஞ்சுவது மூன்றரை மணி. ஐந்து மணிக்கும் குறைவாக இடைவெளி உடையவர் விமான நிலையத்திலேயே நல்ல காப்பி குடித்துக்கொண்டு இருப்பதே அறிவுடைமை.

அடுத்தது அனுமதி. இந்தியப் பாஸ்போர்ட் உடையவர் ஹாங்காங்கில் விசா இன்றிப் பதினான்கு நாள் தங்கலாம். ஆனால் 2017 ஜனவரி முதல், புறப்படுமுன்னரே இணையத்தில் பதிவு செய்து, அந்தச் சீட்டை அச்சிட்டுக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. விமான நிலையத்தைவிட்டு வெளியேறாதவருக்கு இது தேவையில்லை. பதிவுக்குக் கட்டணம் இல்லை. விடையும் உடனே வந்துவிடுகிறது. இத்தகைய விதிகள் மாறுவது இயல்பு ஆதலின், புறப்படுமுன் மீண்டும் ஒருமுறை பார்த்துக்கொள்க. பெரிய பெட்டியை மும்பையிலேயே ஒசாகாவுக்கு அனுப்பிவிட்டால் தோள்பை ஒன்றே சுமை.

இனி, எதைப் பார்ப்பது? மூன்றரை மணியில் ஒரு நகரின் எல்லாவற்றையும் காண முடியாது. ஆனால் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதற்கு விடை தேடி நடக்க முடியும். நான் எடுத்துக்கொண்ட கேள்வி இது: இந்நகரின் கரை எங்கே இருந்தது?

மும்பையில் படிக்கும் நமக்கு இக்கேள்வி புதிதன்று. ஏழு தீவுகளுக்கு இடையே இருந்த கடலைத் தூர்த்து எழுந்த ஊரில் நாம் உண்டு உறங்குகிறோம். ஆனால் பழகிப்போன ஊரில் கண் மூடிக்கொள்கிறது. புதிய ஊரில்தான் திறக்கிறது. ஹாங்காங்கில் பழைய கரையையும் புதிய கரையையும் காலால் நடந்தே அளக்கலாம். அதற்கு மூன்றரை மணி போதும்.

விடை விமான நிலையத்திலேயே தொடங்குகிறது. அங்கு முன்னர் இருந்தவை செக்லாப்கொக் என்னும் தீவும், அதன் அருகில் ஒரு சிறு தீவும். அவற்றின் குன்றுகளை வெடிவைத்துத் தகர்த்து, அந்தக் கல்லையும் மண்ணையும் சுற்றிலும் கடலில் கொட்டிச் சமமாக்கி, 1998 ஜூலை 6 அன்று விமான நிலையத்தைத் திறந்தனர். அன்றிருந்த ஏறக்குறைய 1,250 ஹெக்டேர் நிலத்தில் இயற்கைத் தீவின் பங்கு நாலில் ஒன்றுதான். பின்னர் மூன்றாவது ஓடுபாதைக்காக மேலும் 650 ஹெக்டேர் கடலைத் தூர்த்தனர். மூன்று ஓடுபாதைகளும் சேர்ந்து இயங்கத் தொடங்கியது 2024 நவம்பரில். முன்னர் இருந்த விமான நிலையமான கைடாக்கும் இவ்வாறு பிறந்ததே. கை ஹோ கை, ஔ டாக் என்ற இருவர் வீடு கட்டுவதற்காகத் தூர்த்த நிலம் அது. வீட்டுத் திட்டம் நிறைவேறவில்லை. நிலம் விமானத் திடலாயிற்று. உரியவர் இருவரின் பெயரும் அதற்கு நிலைத்துவிட்டது. 1958இல் அதன் புதிய ஓடுபாதையைக் கடலுக்குள்ளேயே நீட்டிப் போட்டனர். வீட்டு மாடிகளை ஒட்டிப் பறந்து, கடைசி நொடியில் வளைந்து இறங்க வேண்டிய இடம் என்று விமானிகளிடையே அது பெயர் பெற்றிருந்தது.

கடலைத் தூர்ப்பது என்றால் மண்ணைக் கொட்டுவதுதானே என்று நினைக்கலாம். கொட்டுவது எளிது, நிற்கச் செய்வதுதான் அரிது. கடலின் அடியில் இருப்பது பாறையன்று. பல மீட்டர் ஆழத்துக்குக் களிச்சேறு. அதில் பாதிக்கு மேல் நீர். அதன்மேல் கல்லையும் மணலையும் குவித்தால், பாரம் தாங்காமல் நீர் மெல்ல மெல்லக் கசிந்து வெளியேறும்; நீர் வெளியேறிய அளவுக்குச் சேறு சுருங்கும்; மேலே உள்ள நிலம் அமிழும். நனைந்த துணி மூட்டையின்மேல் ஒருவர் ஏறி அமர்ந்தது போல என்று கொள்ளுங்கள். களிமண்ணின் துளைகள் மிக நுண்ணியவை. எனவே நீர் தானாக வெளியேற வேண்டுமானால் பத்தாண்டுகளும் ஆகும்.

இதற்குப் பொறியாளர் கண்ட வழிகள் சில உண்டு. சேற்றையே வாரி அகற்றிவிட்டு மணலை நிரப்புவது ஒன்று. சேற்றை அப்படியே விட்டு, அதனுள் செங்குத்தாக ஆயிரக்கணக்கான வடிகால் பட்டைகளைச் செருகி, மேலே தேவைக்கு அதிகமான மண்ணை ஏற்றி, நீரை விரைந்து பிழிந்துவிட்டுப் பிறகு அந்த மிகை மண்ணை எடுத்துவிடுவது மற்றொன்று. நீர் செல்ல வேண்டிய தொலைவு பாதியானால் ஆகும் காலம் நாலில் ஒன்றாகக் குறைகிறது. பட்டைகளை நெருக்கமாகச் செருகுவதன் மருமம் இதுவே. மூன்றாவது ஓடுபாதைக்கு இன்னொரு முறையையும் கையாண்டனர். சேற்றுக்குள் சிமெண்டைச் செலுத்திக் கலந்து, அங்கேயே தூண்களாக இறுகச் செய்தனர். சேற்றை வாரினால் கடல் கலங்கி மீனினம் துன்புறும் என்பது அதற்கு ஒரு காரணம்.

இவ்வளவையும் எண்ணிக்கொண்டு ரயிலில் அமர்ந்தேன். கட்டணம் நூறு ஹாங்காங் டாலருக்கு மேல். அன்றே திரும்புவோர்க்குச் சலுகை உண்டு, கேட்டு வாங்குக. பேருந்தில் மூன்றில் ஒரு பங்குதான் ஆகும், ஆனால் ஒரு மணி நேரம் பிடிக்கும். நேரம் நிறைய உள்ளவர் அதில் ஏறலாம். ரயில் சிங்மா தொங்கு பாலத்தைக் கடக்கிறது. இரு தூண்களுக்கு இடையே அதன் நீளம் 1,377 மீட்டர். ரயில் பாலத்தின் கீழ்த்தட்டில் செல்வதால் இரும்புச் சட்டங்களுக்கு இடையே கடல் வெட்டி வெட்டித் தெரிந்தது. சரியாகப் பத்து மணிக்கு நகர நிலையத்தில் இறங்கினேன்.

அந்த நிலையமும், அதன்மேல் 400 மீட்டருக்கும் அதிகமாக உயர்ந்து நிற்கும் கோபுரமும் 1990களில் தூர்த்த நிலத்தில் நிற்பவை. நான் நகருக்குள் செல்லவில்லை. எதிர்த்திசையில், கடலை நோக்கி நடந்தேன். நகரைப் பார்க்க வேண்டுமானால் முதலில் அதைவிட்டு விலகிப் பார்க்க வேண்டும் என்று யாரோ சொன்ன நினைவு. அங்கே 'ஸ்டார்' படகுத்துறை இருக்கிறது.

பச்சையும் வெள்ளையும் பூசிய இரண்டடுக்குப் படகு. சில டாலர்களே கட்டணம். பத்து நிமிடத்தில் எதிர்க்கரையான கவுலூனைச் சேரும். படகுக்கு முன் பின் என்பதில்லை. இரு முனைகளும் ஒன்றே. அதனால் இருக்கையின் சாய்வுப்பலகையை இப்பக்கமும் அப்பக்கமும் தள்ளி, போகும் திசைக்கேற்ப அமர்ந்துகொள்கின்றனர். கரையில் நீலச் சட்டை அணிந்த ஒருவர் நீண்ட கொக்கிக் கழியால் வடத்தைப் பற்றி இழுத்து முளையில் மாட்டினார். கப்பலும் விமானமும் தாமே ஓடும் இந்நாளில் அந்தக் கழிக்கு இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை.

இப்படகுப் போக்குவரத்தைத் தொடங்கியவர் ஒரு பார்சி என்பது மும்பைவாசிகளுக்கு மகிழ்ச்சி தரும். டோராப்ஜி நௌரோஜி மிட்டாய்வாலா என்பது அவர் பெயர். ரொட்டிக் கடையும் ஓட்டலும் நடத்தியவர். 1888இல் படகுக் கம்பெனியைத் தொடங்கினார். மிட்டாய்வாலா ஓட்டிய படகில் ஆங்கிலத் துரைமார்கள் கரை கடந்தனர். பிற்காலத்தில், 1966 ஏப்ரலில், இப்படகின் முதல் வகுப்புக் கட்டணத்தை ஐந்து காசு உயர்த்தியதை எதிர்த்து ஓர் இளைஞர் துறையில் உண்ணாநோன்பு இருந்தார். அதையொட்டி நகரில் பெருங்கலகமே மூண்டது. ஐந்து காசுதானே என்று நினைக்கலாம். நம் விடுதி உணவுக் கட்டணம் உயர்ந்தபோது நாம் கூடிய கூட்டத்தை எண்ணிப் பாருங்கள்.

கவுலூன் கரையிலிருந்து திரும்பி நோக்கினால் ஹாங்காங் தீவு முழுவதும் தெரிகிறது. பின்னால் செங்குத்தான மலை; அதன் சிகரம் 552 மீட்டர். மலை நேரே கடலில் இறங்குவதற்கு முன், ஒரு நாடா அளவுக்குச் சமநிலம். அந்த நாடாவில் கோபுரங்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன. ஏன் கடலைத் தூர்த்தனர் என்பதற்கு விடை இந்தக் காட்சிதான். ஹாங்காங்கின் மொத்த நிலப்பரப்பு 1,100 சதுரக் கிலோமீட்டருக்குச் சற்று மேல். மக்கள் எழுபத்தைந்து இலட்சம். நிலத்தில் பெரும்பகுதி மலை. ஐந்தில் இரண்டு பங்கு காப்பிடப்பட்ட பசுங்காடு. ஆகவே மலையை வெட்டிக் கடலில் போட்டனர். 1920களில் மாரிசன் குன்று என்ற ஒரு முழுக் குன்றையே கரைத்து வான்சாய்ப் பகுதியின் கடலில் கொட்டினர். இடமும் கிடைத்தது, விற்றால் அரசுக்குப் பணமும் கிடைத்தது. இரண்டாவது காரணத்தை மறந்துவிடக் கூடாது.

அதே படகில் திரும்பினேன். இறங்கிய துறை 2006இல் கட்டியது. அதற்கு முன்னிருந்த துறை உள்ளே தள்ளி இருந்தது. மேலும் கடலைத் தூர்ப்பதற்காக அதை இடித்தபோதும், அடுத்து இருந்த அரசித் துறையை 2008இல் அகற்றியபோதும் இளைஞர்கள் அங்கே தங்கிப் போராடினர். ஆங்கிலேய ஆளுநர்கள் வந்திறங்கிய துறைதானே, போனால் போகட்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை. மாலை வேளையில் காசின்றி வந்து கடற்காற்று வாங்க ஏழைக்கும் இடம் தந்த துறை அது. துறைமுகக் கடலைக் காக்க 1997இலேயே ஒரு சட்டம் வந்திருந்தது. பொதுநன்மைக்கு இன்றியமையாத தேவை உண்டு என்று காட்டினால் அன்றித் துறைமுகத்தைத் தூர்க்கலாகாது என்று 2004இல் உச்ச மேல்முறையீட்டு மன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் துறைகள் தப்பவில்லை. அங்கே இப்போது சாலையும் புல்வெளியும் இருக்கின்றன. புல்வெளி அழகாகத்தான் இருக்கிறது.

இனித்தான் நடை. கடலுக்கு முதுகைக் காட்டி மலையை நோக்கி நடந்தால், நீங்கள் காலத்தில் பின்னோக்கி நடக்கிறீர்கள். முதலில் வருவது கன்னாட் சாலை. 1890இல் தொடங்கி 1904இல் முடிந்த தூர்ப்பில் பிறந்தது. அத்திட்டத்தை முன்னின்று நடத்தியவர் பால் சேட்டர், கல்கத்தாவில் பிறந்த ஆர்மீனியர். அதற்கு அடுத்து டெவூ சாலை. சேட்டர் திட்டத்துக்கு முன் கடலலை அடித்த இடம் இது. போர்ச்சுக்கீசியச் சொல்லால் 'பிராயா' என்று, அதாவது கடற்கரை என்று, அன்று அதற்குப் பெயர். 1904 முதல் இச்சாலையில் டிராம் வண்டி ஓடுகிறது. அதன் மணியோசையை வைத்து மக்கள் அதை 'டிங் டிங்' என்றே அழைக்கின்றனர். ஒடுங்கிய இரண்டடுக்கு வண்டி. பின்னால் ஏறி, இறங்கும்போது முன்னால் காசு போட வேண்டும்.

டெவூ சாலையிலிருந்து இன்னும் சில அடி உள்ளே போனால் அரசிச் சாலை. இதுதான் முதல் கரை. ஆங்கிலேயர் 1841ஐ அடுத்த ஆண்டுகளில் கடலோரமாகவே போட்ட முதற் சாலை. எவரும் சொல்லாமலே இதைக் கண்டுபிடிக்கலாம். கன்னாட் சாலையும் டெவூ சாலையும் அளவுகோல் வைத்துக் கோடு போட்டது போல் நேராகப் போகின்றன. அரசிச் சாலை மட்டும் வளைந்து வளைந்து செல்கிறது. மனிதன் போட்ட கரை நேர். கடல் போட்ட கரை வளைவு. அதிலிருந்து மலைப்பக்கம் உள்ள சந்துகள் எல்லாம் படிக்கட்டு. கடற்பக்கம் உள்ளவை எல்லாம் சமதரை. அந்தச் சாலையின் நடுவில் ஒரு காலை அப்பக்கமும் ஒரு காலை இப்பக்கமும் வைத்து நிற்க ஆசைதான். வாகனங்கள் விடவில்லை. படகுத்துறையிலிருந்து இங்கு வர ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் நடந்திருப்பேன். அத்தனையும் கடல்.

மும்பையிலும் ஓர் அரசிச் சாலை உண்டு. இப்போது மகரிஷி கார்வே சாலை என்கிறோம். சர்ச்கேட்டிலிருந்து அதன் வழியே செல்லும் ரயில் பாதைக்கு அப்பால், மெரீன் டிரைவ் உண்டாகுமுன், கடல் இருந்தது. ஐந்தாண்டாக அந்த ரயிலில் போய்வரும் எனக்கு இது ஹாங்காங்கில் நின்றபோதுதான் உறைத்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அரசிச் சாலையருகே பழைய சந்தைக் கட்டடத்திலிருந்து நகரும் படிக்கட்டுத் தொடங்குகிறது. 1993இல் அமைத்தது, மொத்தம் 800 மீட்டர் நீளம், 135 மீட்டர் ஏற்றம். காலை பத்து மணி வரை கீழ்நோக்கி ஓடி அலுவலர்களை இறக்குகிறது. பின்னர் நள்ளிரவு வரை மேல்நோக்கி ஓடுகிறது. பத்துக்கு முன் சென்றால் ஏறித்தான் ஆக வேண்டும், காலுக்கு நல்லது. இரண்டு பக்கமும் வீட்டுச் சன்னல்களும் தேநீர்க் கடைகளும் கண்மட்டத்தில் நகர்ந்து போகின்றன. நடுவே ஹாலிவுட் சாலையில் இறங்கி மேற்கே நடந்தேன்.

சிறிது தொலைவில் மன்மோ கோயில். 1847ஐ ஒட்டி எழுந்தது. 'மன்' என்பது கல்விக்குரிய தெய்வம், கையில் தூரிகை. 'மோ' என்பது வீரத்துக்குரிய தெய்வம், கையில் வாள். தேர்வு எழுதும் மாணவரும் அவர்தம் அன்னையரும் வந்து தூரிகையைத் தொட்டு வணங்குகின்றனர். கூரையிலிருந்து தேன்கூடுகள் போலச் சுருள் சுருளாக ஊதுவத்திகள் தொங்குகின்றன. ஒரு சுருள் எரிந்து முடியப் பல நாள் ஆகுமாம். சாம்பல் தலையில் விழுகிறது. நம் ஊர்க் கோயில் ஒன்றின் உள்மண்டபத்தில் நிற்பது போன்ற இருள், அதே புகை. நானும் தூரிகையைத் தொட்டேன். அறிவியல் மாணவன் தொடலாமா என்று கேட்பவர், அடுத்த வாரம் மாநாட்டில் பேச வேண்டியிருந்த என் நிலையில் இருந்து பார்க்கட்டும்.

கோயிலுக்குப் பின்னால் ஏறும் சரிவு தைப்பிங்ஷான். இங்கே நின்றுபோக வேண்டியது நம் துறையாருக்குக் கடமை. 1894 மே மாதத்தில் நெருக்கமான சீனக் குடியிருப்புகளில் பிளேக் நோய் பரவி ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஜப்பானிலிருந்து கிடசாட்டோவும் பிரெஞ்சு இந்தோசீனாவிலிருந்து யெர்சினும் வந்தனர். கிடசாட்டோவுக்கு மருத்துவமனையில் எல்லா வசதியும் தந்தனர். யெர்சினுக்குப் பிணவறையைத் திறக்கவே மறுத்தனர். அவர் ஓலைக் குடிசை ஒன்று போட்டுக்கொண்டு, பிணம் புதைக்கும் மாலுமிகளுக்குக் காசு கொடுத்து, நோய்க்கட்டியிலிருந்து திரவம் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். இன்று அந்தக் கிருமி அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. இரண்டாண்டில், 1896இல், அந்நோய் மும்பையை அடைந்தது. 1897 ஜனவரியில் இங்கே ஹாஃப்கின் தாம் கண்ட தடுப்பூசியை முதலில் தமக்கே போட்டுக்கொண்டார். பரேலில் அவர் பெயரால் விளங்கும் ஆய்வு நிலையத்தை நம்மில் பலர் அறிவோம். தைப்பிங்ஷானின் அவ்வீடுகளை அரசு இடித்துவிட்டது. அவ்விடத்தில் இப்போது ஒரு பூங்கா. 1906இல் கட்டிய கிருமியியல் கூடம் மருத்துவ அருங்காட்சியகமாக இருக்கிறது. அதைப் பார்ப்பதற்கென்று கடைசி அரை மணியை ஒதுக்கி வைத்திருந்தேன்.

அதற்கு முன் ஒரே இடம் பாக்கி. ஹாலிவுட் சாலையிலேயே மேற்கில் சிறு பூங்காவும், அதையொட்டி இறங்கும் 'பொசஷன் தெரு'வும். உடைமைத் தெரு என்று பெயர்க்கலாம். 1841 ஜனவரி 26 அன்று ஆங்கிலக் கடற்படையினர் இங்கே கரையேறிக் கொடி நாட்டி, தீவு தங்கள் உடைமை என்றனர். நமக்குக் குடியரசு நாளான அதே தேதி. அபினி விற்கும் உரிமைக்காக நடந்த அந்தப் போரில் நம்மவருக்கும் பங்குண்டு: அதே ஆண்டு மே மாதம் காண்டன் நகருக்கருகே சண்டையிட்ட படைகளுள் சென்னைக் காலாட்படையின் 37ஆம் பிரிவும் ஒன்று. கரையேறிய இடத்தில் கரை இல்லை. பூங்காவில் நின்றால் கடல் கண்ணுக்கும் தெரியவில்லை, காதுக்கும் கேட்கவில்லை. குளத்தில் மீன்களும், சதுரங்கம் ஆடும் முதியவர்களும் இருந்தனர். ஒரு கல்மேல் அமர்ந்து கொண்டு வந்த ரொட்டியைத் தின்றேன்.

என் கைக்கடிகாரம் 11-05 காட்டியது. அதை இந்திய நேரத்திலேயே விட்டிருந்தேன். திரும்ப வேண்டிய நேரம் ஹாங்காங் மணிப்படி 1-30. என் கடிகாரத்தில் 11-30 என்று காலையில் விமானச் சீட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டேன். எனவே இன்னும் 25 நிமிடம் இருக்கிறது. அருங்காட்சியகத்துக்கு ஓடலாம் என்று எழுந்தேன். எதிரே தேநீர்க் கடையின் சுவர்க் கடிகாரத்தில் மணி 1-35.

கடைக்காரரின் கடிகாரம் பழுது என்றே முதலில் நினைத்தேன்! ஹாங்காங் நமக்கு முந்துவது இரண்டு மணி அன்று; இரண்டரை மணி. உலகில் பெரும்பாலான நாடுகள் முழு மணிக் கணக்கில் வேறுபட்டிருக்க, நாம் ஐந்தரை என்று ஓர் அரையை வைத்துக்கொண்டிருக்கிறோம். தூக்கக் கலக்கத்தில் அந்த அரையை விழுங்கிவிட்டேன். பௌதிகத்தில் முதுகலைப் படிப்பவன் செய்யும் கழித்தல் இது.

தெருவில் இறங்கி ஓடினேன். வந்த டிராமில் ஏறினேன். அது இரண்டாவது பிழை. டிராம் வேடிக்கை பார்க்க ஏற்றது, அவசரத்துக்கு அன்று. இரண்டு நிறுத்தம் ஊர்ந்ததும் இறங்கி, பழைய கடலின்மேல் மீண்டும் ஓடினேன். பக்கத்திலேயே சுரங்க ரயில் நிலையம் இருந்ததைப் பின்னர்தான் வரைபடத்தில் கண்டேன். 2-05க்கு நிலையம், 2-40க்கு விமான நிலையம், சோதனை வரிசையில் அன்று நல்ல கூட்டம். வாயிலை அடைந்தபோது 3-35. ஏற அழைக்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது. இரண்டரை மணி ஒதுக்கியிராமல் வெறும் இரண்டு மணி ஒதுக்கியிருந்தால், அழைப்பொலியைச் சோதனை வரிசையில் நின்றபடி கேட்டிருப்பேன். கடிகாரத்தை விமானத்திலேயே மாற்றிக்கொள்க.

யெர்சினின் கூடத்தை நான் பார்க்கவில்லை. அடுத்து அவ்வழியே செல்லும் நண்பர் யாரேனும் பார்த்துவந்து இம்மலரில் எழுதினால் படிக்க ஆவலாயிருக்கிறேன். நடை முழுவதற்கும், ரயில் கட்டணம் நீங்கலாக, எனக்கு ஆன செலவு இருபது டாலருக்குள்.

விமானம் கிளம்பியபோது மூன்றாவது ஓடுபாதையின் ஓரமாகக் கடல் மங்கிய பச்சையாய்த் தெரிந்தது. இரவு ஜப்பானிய நேரம் ஒன்பதரைக்கு ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்தில் இறங்கினோம். அதுவும் கடல் நடுவே தூர்த்த தீவு, 1994இல் திறந்தது. அதன் முதல் தீவு, கட்டத் தொடங்கிய நாள் முதல் இதுவரை 13 மீட்டருக்கு மேல் அமிழ்ந்திருக்கிறது. கட்டடத்தின் தூண்களை அவ்வப்போது தூக்கி, அடியில் இரும்புத் தகடுகளைச் செருகிச் சமன் செய்துகொண்டே இருக்கிறார்கள்.